பொட்டலத்தின் வயிறு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. கீழ்வரிசையில் இரண்டு பல் போய், பல் செட் கட்டிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. கட்டிக்கொடுத்த பெண்மணி வீட்டு முன்னறையையே பட்டறையாக வைத்திருக்கிறார். ஐந்து முறை வரச் சொன்னார். ஐந்து முறையும் என் வாயில் மெழுகோ அச்செடுக்கும் மாவோ இருந்தது. அவர் பேசினார், நான் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளை விழுங்கிவிட்டதால், தெரியாத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

எழுதட்டுமா என்று மட்டும் கடைசி நாளில் கேட்டேன்.

"நாய்க்கு வயித்தால போனதையா?" என்றார். "எழுதுங்க. பேரை மட்டும் போடாதீங்க."

(ஒரு சொல் சிக்கல். கதை முழுக்க ஒரு நாயின் கழிவைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'மலம்' என்றால் பரிசோதனைக்கூட வாடை அடிக்கிறது. 'கழிச்சல்' கோழிக்கு வருவது. அவர் 'போறது' என்றார்: "போறது எப்படிப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அதுவே இருக்கட்டும்.)

2.

முதல் தொடக்கம்: 'அந்த நாயின் கண்களில் இரண்டு வீடுகளின் சோகம்' — வேண்டாம். நாயின் கண்ணில் சோகம் தேடுகிறவர்கள் அதன் வாலுக்குக் கீழே பார்ப்பதில்லை.

இரண்டாவது: 'கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்ட அன்றுதான் அவளுக்குத் தன் அண்ணன்மேல் முதன்முதலாக' — அண்ணன் இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது.

மூன்றாவது, நடந்தபடியே. (நேரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. நாற்பத்தொரு வயதுக்காரரின் மரியாதையை இப்படிக் குறைப்பது எழுதுகிறவர்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட சலுகை.)

ஒரு சனிக்கிழமை அவள் காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டிவந்தாள். நாலு வயது, பழுப்பு நிறம். படுத்தால் காலையும் வாலையும் உள்ளே மடக்கி, நூல் சுற்றிய பொட்டலம் போலாகிவிடும். பேரும் அதுவே ஆயிற்று. ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பிய நாய். கையெழுத்து வாங்கும்போதே காப்பகத்து அம்மாள் சொன்னார்: "ரெண்டு வாரம் வெச்சுப் பாருங்க. ஒத்துவரலைன்னா கொண்டு வந்துடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

காப்பகத்தில் தின்ற உலர் தீவனத்தில் ஒரு பையும் கொடுத்தார்கள். அவள் அதை அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் உயர்ந்ததாகப் பார்த்து வேறு வாங்கினாள். வந்த பிள்ளைக்கு நல்லதாகப் போட வேண்டும் என்ற நினைப்பு.

திங்கட்கிழமை கம்பளம் போயிற்று. அன்று சாயங்காலம் சமையலறைத் தரை. செவ்வாய்க்கிழமை காலை, பற்களை உலரவைக்கும் மேசைக்கு அடியிலேயே.

3.

நாய் டாக்டர் அதிகம் பேசாத பெண். எடை பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறைத் தொட்டுப் பார்த்தார்.

"வீடு மாறினதே அதுக்குப் பெரிய விஷயம். நீங்க சாப்பாட்டையும் அதே நாள்ல மாத்திட்டீங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் டாக்டர்..."

"நல்லதுதான். ஆனா வயித்துக்குத் தெரியாதே."

போனதில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துவந்து பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். சில நாளைக்குக் குழைய வேகவைத்த சோறு, தோலும் எலும்பும் இல்லாத வேகவைத்த கோழி. உப்பு, எண்ணெய், பால் எதுவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. கெட்டியாகப் போக ஆரம்பித்ததும் காப்பகத் தீவனத்தையே கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். உள்ளே போவது, வெளியே வருவது இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்.

இதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. மாவுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் அச்சு விரிசல் விடும் தொழில். பட்டறைத் தராசைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். சோறு அறுபது கிராம், கோழி நாற்பது. வெள்ளிக்கிழமை போனது கையால் எடுக்கும்படி இருந்தது. அவள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். (எனக்கும் காட்டினார். வாயில் மெழுகு இருந்தது.)

திங்கட்கிழமை மறுபடி தண்ணீராய்ப் போயிற்று.

பரிசோதனையில் பூச்சி எதுவும் இல்லை. டாக்டர் நோட்டை இரண்டு முறை புரட்டினார். "இதுல தப்பே இல்ல. அப்போ இதுல எழுதாத ஏதோ ஒண்ணு உள்ள போகுது. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

4.

இப்போது அண்ணன் வரலாம்.

அவளைவிட நாலு வயது மூத்தவர், அவளை இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிறவர். ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரம் ஓட்டினார், அச்சகம் மூடிவிட்டது. 'கொஞ்ச நாளைக்கு' என்று இரண்டு பெட்டியோடு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பேச்சு 'ம்', 'சரி', 'சாப்பிட்டாச்சு' என்ற அளவில்.

முதல் படியில் அவரைச் சோம்பேறியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி: ஒரு குற்றவாளி, ஒரு கண்டுபிடிப்பு, ஒரு சண்டை. ஆனால் நான் போன ஐந்து நாளும் கதவைத் திறந்தது அவர்தான். என் ஈரக் குடையை வாங்கி, விரித்து, மூலையில் காயவைத்ததும் அவர்தான். அது நினைவுக்கு வந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

5.

செவ்வாய்க்கிழமை, நாய் வந்து பதினோராம் நாள், ஒரு வாடிக்கையாளருக்குச் செட்டைக் கொடுக்கக் கிளம்பியவள், டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஒரு செருப்பைக் கழற்றியவள் மறு செருப்போடு நின்றுவிட்டாள்.

சமையலறைத் தரையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தட்டில் வெண்ணெய் தடவிய பிரெட். பொட்டலம் அவர் தொடையில் மோவாயை வைத்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"...மெஷின் சத்தம்னா சத்தம், காதே போயிடும். ஆனா அது நின்னுட்டா எனக்குத் தூக்கம் வராது. கடைசி நாள் யாரும் அணைக்க மாட்டேன்னுட்டாங்க. நான்தான் அணைச்சேன். இந்தா, இது உனக்கு. பாப்பாகிட்ட சொல்லிடாத."

ஏழு மாதத்தில் அந்த வீட்டில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

இந்த இடத்தில் அவள் என்ன செய்தாள் என்பதற்கு என்னிடம் மூன்று வடிவம் இருந்தது.

அ) அவள் உள்ளே போய்த் தட்டைப் பிடுங்கி

ஆ) அவள் கண் கலங்கி, சுவரில் சாய்ந்து, 'அண்ணா' என்று

இ) நடந்தது: கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பொறுத்து, அப்போதுதான் வருகிறவள் மாதிரி மணியை அடித்தாள்.

6.

மறுநாள் காலையில் நோட்டையும் தராசையும் அண்ணன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு அண்ணா. இனிமே பொட்டலத்துக்கு நாலு வேளையும் நீ போடு. நோட்டையும் நீயே எழுது."

"நானா? எனக்கு என்ன தெரியும் பாப்பா."

"தெரிய என்ன இருக்கு. உள்ள போறது எதுவா இருந்தாலும் எழுதணும், அவ்வளவுதான். சரியா தப்பான்னு டாக்டர் பாத்துப்பாங்க. எழுதினதுக்காக யாரும் யாரையும் திட்டப் போறதில்ல."

அவர் நோட்டை வாங்கி, அவள் எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் பட்டறைக்குப் போய் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மதியம் நோட்டு சமையலறை மேடையில் திறந்தே கிடந்தது. ஓர் எழுத்தும் கோணாத கையெழுத்து:

'நேற்று, காலை 11.20. வெண்ணெய் பிரெட் இரண்டு துண்டு. அதற்கு முந்தின நாளும். ஞாயிற்றுக்கிழமை மூன்று துண்டு.'

அதற்குக் கீழே:

'இன்று, மதியம் 1.00. சோறு 60 கிராம், கோழி 40 கிராம். வேறொன்றும் இல்லை.'

(கதையின் உச்சம் இதுதான் என்று நினைக்கிறேன். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.)

7.

பதினாலாம் நாள் கெட்டியாகப் போயிற்று. காப்பகத்துக்கு யாரும் போன் செய்யவில்லை. அண்ணன் தீவனத்தைக் கால் பங்கில் தொடங்கி, முக்கால் பங்கில் கொஞ்சம் இளகியபோது தாமாகவே இரண்டு நாள் அரைப் பங்குக்கு இறக்கி, பிறகு ஏற்றினார். அடுத்த மாதம் பொட்டலம் ஒரு கிலோ கூடியிருந்தது. அண்ணனும் டாக்டரிடம் கேள்வி கேட்கிற அளவுக்குப் பேச ஆரம்பித்திருந்தார்.

இங்கே முடித்திருக்கலாம். வாசகர்களும் விரும்புவார்கள். ஆனால் என் நான்காவது முறைக்கும் ஐந்தாவது முறைக்கும் நடுவில் அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறு ஊர், அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடம். பார்த்திருந்த அறையில் நாய் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பொட்டலமோ இப்போது அவர் வைத்தால்தான் தட்டில் வாய் வைக்கிறது.

கடைசி நாள் நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, என் தலைக்கு மேலாக இந்தப் பேச்சு நடந்தது:

"நீ கூட்டிட்டுப் போயிடு அண்ணா. உன் கையிலதான சாப்பிடுது."

"வேணாம் பாப்பா. நீயே வெச்சுக்கோ."

"எனக்கு எங்க நேரம் இருக்கு."

"எனக்கு மட்டும் ஷிஃப்ட் வேலை இல்லையா."

"அப்படிச் சொன்னா எப்படி? நீதான் பாத்துக்கணும்."

"இல்ல, நீதான்."

விஷயம் தெரியாத ஒருவர் கேட்டால், இரண்டு பேருக்கும் அந்த நாய் வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார். அண்ணனின் முகம் எனக்குத் தெரியவில்லை. தங்கையின் விரல் என் உதட்டோரத்தில் இருந்தது. துடைத்த இடத்தையே அது மறுபடி துடைத்தது.

அண்ணன் ஊருக்குப் போகும் நாள் அதற்கு ஒன்பது நாள் கழித்து. அது தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. எண் என்னிடம் இருக்கிறது, ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. போட்டால் அவர்களில் ஒருவர் விட்டுக்கொடுப்பதில் ஜெயித்திருப்பார், அவர் வீட்டில் நாய் இருக்காது. யார் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, வெற்றியை அவருக்கே கொடுங்கள். எனக்கு இரண்டு பேரையும் பிடித்துப்போய்விட்டது. தீர்ப்புச் சொல்ல நான் லாயக்கில்லை.