நனையாத காகிதம்

பல் மருத்துவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலடிப் பாறையில் ஒரு குட்டி மீன் காத்துவரும் முட்டைகளுக்குள் நேற்றே வெள்ளிக் கண்கள் தெரிந்தன. நாளை பொரிந்துவிடும், படமெடுக்க இன்று ஒருநாள்தான். படகு கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது.

கேமராவை வைத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டிக்குள் வெறும் காகிதத்தை வைத்து மூடி, குளியலறை வாளியில் அமிழ்த்தினார். காகிதம் நனையவில்லை, பெட்டி ஒழுகவில்லை.

"அப்புறமென்ன? கேமராவை வச்சு மூடுங்க," என்றாள் மனைவி.

"இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"மூணு தடவை பார்த்தாச்சு. வாளிக்கே சளி பிடிச்சுடும்."

நான்காவது முறை காகிதம் சொதசொதவென்று வந்தது. பல் பார்க்கும் விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு மூடியின் ரப்பர் வளையத்தைத் துழாவினார். நரைமுடி ஒன்று. குனிந்து குனிந்து பார்த்ததில் விழுந்த அவருடைய மீசை முடி.

"மீசையில மண் ஒட்டலைம்பாங்க. உங்களுக்கு மீசையே பெட்டியில ஒட்டியிருக்கு!"

முடியை எடுத்துவிட்டு மறுபடி அமிழ்த்தினார். காகிதம் காய்ந்தே வந்தது. கேமராவை வைத்து மூடினார். கை மீண்டும் பெட்டியின் தாழ்ப்பாளைத் திறக்கப் போவதை அவரே பார்த்தார். சட்டென்று பெட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"தண்ணியில இறங்குற வரைக்கும், நான் கெஞ்சினாலும் குடுக்காதே."