ஏழாம் எண் தட்டு

மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நகர நூலகத்தின் முதல் மாடிக் கூடத்தில், எட்டு வட்டத் தட்டுகளின் படங்கள் திரையில் காட்டப்பட்டன.

பெண் விஞ்ஞானிகள் தங்கள் வேலையைப் பொதுமக்களிடம் பேசும் வரிசையில் அது இரண்டாவது வாரம். பேசியவர் நுண்ணுயிர் ஆய்வாளர். முதல் வாரம், இந்தத் துறைக்குத் தான் வந்த கதையைச் சொன்ன பிறகு, ஏழு பேரை மேடைக்கு அழைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, தட்டிலிருந்த, கிருமி வளர்க்கும் கூழின்மேல் இழுக்கச் சொன்னார். எட்டாவது தட்டில் தன் கைபேசியைத் துடைத்து, கொசுவத்திச் சுருள்போல ஒரு கோடு போட்டுக் காட்டினார். பெயர் வேண்டாம், மூடியில் எண் போதும் என்றார்.

ஏழாவதாக வந்தவர் அந்த வட்டாரத்துக்கே மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். டப்பா அக்கா என்றால்தான் தெரியும். காய் வெட்டும் பலகையைத் தூக்கிக் காட்டி, "ஏழு என்னோடது. ஒண்ணும் முளைக்காது, பாத்துக்கிட்டே இருங்க!" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது திரையில் ஏழாம் எண் தட்டு மஞ்சளாக, தடிப்பாக முளைத்திருந்தது.

"இந்த வீட்டுக்கு யாராவது விருந்துக்குப் போனா, சாப்பாட்டை நீங்களே கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் ஆய்வாளர்.

கூடம் சிரித்தது. பிறகு தலைகள், டப்பா அக்கா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. ஆய்வாளர் அடுத்த படத்துக்குப் போனார். எட்டாம் எண்ணில் மூன்று புள்ளிகள் மட்டுமே இருந்தன.

"இது என் போன். பதினாறு வருஷமா லேப்ல இருக்கறவ கை எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க."

கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒரு வார்த்தை இதமாகப் பேசியிருக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் யாரோ படமெடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

"அக்கா, எங்க ஸ்கூல்ல டப்பா அக்கா சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. இங்க படிக்கிற பிள்ளைங்களோட அம்மாங்க ரெண்டு பேரு உன் பேச்சுக்கு வந்திருந்தாங்களாம்."

"ஒரு தட்டை வெச்சா முடிவு பண்ணுவாங்க? அது எதையும் நிரூபிக்காதே."

"அதை நீ அன்னைக்குச் சொல்லலியே. ஜோக்குதானே அடிச்சே."

பள்ளிக்கு விளக்கக் கடிதம் எழுதலாம் என்று, முதல் வார நிகழ்ச்சியின் காணொளியை ஆய்வாளர் திறந்தார். டப்பா அக்காவின் கை கூழின்மேல் மேலும் கீழுமாக, ரம்பப் பல்போலப் போய் வந்தது. தட்டுகளின் படங்களை எடுத்துப் பார்த்தார். ஏழாம் எண்ணில் முளைத்திருந்தது ரம்பப் பல் அல்ல. சுருள்.

தட்டின் அடியில் எழுது, மூடியில் எழுதாதே, மூடி மாறிப்போகும். ஆய்வகத்துக்கு வரும் மாணவிகளுக்கு முதல் நாளே அவர் சொல்லும் பாடம் அது. மூடியில் எழுதிய ஒருத்தியைப் போன வருடம் அழ வைத்திருக்கிறார். திரையில் படம் துப்புரவாகத் தெரிய வேண்டும், பின்னால் எழுத்து நிழலாடக் கூடாது என்பதற்காக, இந்த முறை மூடியில் எழுதவிட்டார். படமெடுக்கும்போது எட்டு மூடிகளையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்திருந்தார். ஏழும் எட்டும் அங்கேதான் இடம் மாறியிருக்க வேண்டும்.

கடிதத்தில், 'எண்களில் சிறு குழப்பம் நேர்ந்திருக்கலாம்' என்று எழுதினார். மூன்று முறை படித்தார். பொய் ஒன்றுமில்லை. காது மடல் சுட்டது. அழித்துவிட்டு, மறுநாள் காலை நேரில் போனார்.

டப்பா அக்காவின் சமையலறையில் பெரிய பாத்திரங்கள் இரண்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அடுப்பில் ஒன்றுதான் இருந்தது.

"வாங்க டாக்டர். இன்னும் ஏதாவது துடைக்கணுமா?"

"அந்தத் தட்டு உங்களோடது இல்லக்கா. மூடி மாறிடுச்சு. நான்தான் மாத்திட்டேன்."

"அப்ப யாரோடது?"

"என்னோடது. என் போன்."

தொட்டியருகே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யய்யோ, அதைக் காதுல வேற வெச்சுக்கறீங்களே!"

டப்பா அக்கா சிரிக்கவில்லை. "அப்ப அந்த மூணு புள்ளி?"

"உங்க பலகை."

"அதுக்குத்தானே எல்லாரும் கைதட்டினாங்க. நானும்தான் தட்டினேன்."

ஆய்வாளர் குனிந்து தரையைப் பார்த்தார். ஈரம் இல்லாமல் துடைத்திருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அடுப்படியில வந்து சொல்றது சுலபம் டாக்டர். எல்லார் முன்னாடியும் சிரிக்க வெச்சீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. போன் உங்களோடதுன்னும் சேத்துச் சொல்லணும்."

"சொல்றேன்."

"எழுதிக் குடுத்துட்டு நழுவக் கூடாது."

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேறொரு விஞ்ஞானியின் முறை. ஆய்வாளர் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். இரண்டு படங்களையும் காணொளியையும் காட்டி, மூடியை மாற்றியது தான் என்றும், ஏழாம் எண் தன் கைபேசி என்றும் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தார். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. டப்பா அக்கா கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

முந்தைய வாரம் கூடம் நிறைந்திருந்தது. அன்று வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். அந்த இரண்டு அம்மாக்களும் வரவில்லை. திங்கட்கிழமை தங்கை, ஆய்வாளர் எழுதிய திருத்தத்தைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வேறொரு சமையலறையுடன் வெள்ளிக்கிழமையே ஆண்டு இறுதிவரை பேசி முடித்திருந்தார்கள். மாதக் கடைசியில் டப்பா அக்கா, பாத்திரம் தேய்க்கும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்.