அருவிச் சத்தம்

பூட்டுக்கடை ரசாக் வருஷத்தில் நான்கே நாள்தான் கடையை அடைப்பார்: இரண்டு பெருநாளும், அவற்றின் மறுநாளும். ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிற மனுஷருக்குத் தன் கடையைப் பூட்டுவதென்றால் மட்டும் உயிரே போய்விடும். அதனால் மனைவி யாஸ்மினைக் கோவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனதெல்லாம் பெருநாள் மறுநாளில்தான். அவர்கள் குடியிருக்கும் உக்கடத்தில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். "ஒரு நாளாவது ஆளில்லாதப்ப வரோணுங்க. தண்ணிச் சத்தத்த மட்டும் கேக்கோணும்" என்பாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார்.

இடுப்பெலும்பு முறிந்து அவள் படுக்கையில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ரம்ஜானுக்கு என்ன வேண்டுமென்று கேட்டார்.

"அந்தச் சத்தத்தப் போன்ல புடிச்சுட்டு வாங்க, போதும்."

பெருநாளுக்கு மறுநாளே கிளம்பினார். கடை அடைத்த நாளில்தானே வெளியூர் போக முடியும்? வேறு நாள் அவர் புத்திக்கு எட்டவேயில்லை.

வனத்துறைச் சோதனைச்சாவடியிலேயே இரண்டு மணி நேரம் வரிசை. கோடையில் அருவி மெலிந்திருந்தது, கூட்டம் கொழுத்திருந்தது. பாறையில் ஏறிப் போனை நீட்டினால், கீழே யாரோ பாட்டுப்பெட்டியை அலறவிட்டார்கள். "போட்டோல விழறீங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா" என்றது ஒரு குடும்பம். தள்ளி நின்றார். இன்னொரு குடும்பம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தார்.

"தனியாவாங்க வந்தீங்க?" என்று கேட்டாள் அந்த வீட்டுப் பெண்.

அத்தனை பேர் இடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் ரசாக் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஆமென்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் யாஸ்மினின் தலைமாட்டில் உட்கார்ந்து பதிவைப் போட்டார். விசில், பாட்டு, குழந்தையின் அழுகை. நடுவில் யாரோ ஒருத்தி, "ஏனுங்க, இங்க வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். யாஸ்மின் கண்ணை மூடிக் கேட்டாள்.

"தண்ணி எங்கீங்க?"

"அதுக்குப் பின்னால இருக்குது" என்றார், குற்றவாளியைப் போல. "செவ்வாக்கெழமை கடைய அடைச்சுப்போட்டுப் போயிட்டு வாரேன். ஆளே இருக்காது."

அவள் கை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

"ஆளில்லாத எடம் எனக்கு இந்த ஊட்லயே இருக்குதுங்க, காலைல நீங்க கடைக்குப் போனதுலிருந்து. கடைய அடைக்கறதா இருந்தா, இங்க வந்து உக்காருங்க."