உன்னைச் சொல்லலை

செயற்கைப் பல் செய்யும் லேபில் அவள் மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் போன் செய்தார். தன்பாலின ஈர்ப்பாளர்களின் உரிமைக்காக நடக்கும் சங்கம் அது. இந்த வருட ஊர்வலத்துக்கு ஒரு கவுன்சிலரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்போவதாகச் சொன்னார்.

"அவரா? வெளிநாட்டுக்காரங்களை உள்ளேயே விடக் கூடாதுன்னு பேசறவராச்சே!"

"நாம கல்யாணம் பண்ணிக்கற சட்டத்தை முதல்ல ஆதரிச்சுப் பேசினவரும் அவர்தான். வெளியிலேருந்து வர்றவங்களுக்கு நம்மளைக் கண்டாலே ஆகறதில்லை. அதை அவர் பச்சையா சொல்றார், அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னைச் சொல்லலைம்மா" என்றார்.

பள்ளிக்கூட வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். தன்னைச் சொல்லவில்லையென்றால் வேறு யாரைச் சொல்கிறார்? கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒருத்தர் வீட்டிலாவது இவர் கை நனைத்திருப்பாரா?

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்" என்றாள்.

அண்ணன் பஸ் டிரைவர். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒரு பெண்ணோடு தங்கை குடும்பம் நடத்துவது அவருக்குத் தெரியும். ஞாயிறுதோறும் தங்கை வரலாம், அந்தப் பெண் வரக் கூடாது. செயலாளர் வரப்போவதைக் கேட்டதும், "அந்தச் சங்கத்து ஆளா? என் வீட்டுக்கா?" என்று முறைத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போகப்போறார். உங்களை என்ன கடிச்சா தின்னுடுவார்?" என்று அண்ணிதான் அவர் வாயை அடைத்தார்.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேச்சு டிராஃபிக்கில் தொடங்கி பஸ்ஸுக்கு வந்தது.

"இந்த நாட்டுக்கு இப்ப வர்றவங்களைப் பாத்தாலே எரிச்சலா இருக்கு சார்" என்றார் அண்ணன். "டிக்கெட் எடுக்க மாட்டேங்கறாங்க, க்யூன்னா என்னன்னே தெரியலை. நாங்கல்லாம் ஒழுங்கா வந்தவங்க."

செயலாளர் முகம் மலர்ந்தது. "இதைத்தானே நானும் சொல்றேன்!"

அடிதடி ஆகுமோ என்று அவள் பயந்தால், இரண்டு பேரும் சம்பந்திகள் மாதிரிக் குலாவுகிறார்கள்.

"நீங்க மேடையில பேசணும்" என்றார் செயலாளர் உற்சாகமாக. "வெளியிலேருந்து வந்தும் எங்களை ஏத்துக்கிட்ட அண்ணன்னு!"

அண்ணனின் கை பாதியில் நின்றது. "நான் எப்ப சார் ஏத்துக்கிட்டேன்? எனக்கு இது பிடிக்கலை. அந்தப் பொண்ணு இந்த வாசப்படியை மிதிச்சதில்லை."

"அப்ப இவளை மட்டும் ஏன் உள்ள விடறீங்க?"

"இதென்ன கேள்வி? என் தங்கச்சி. வேற எங்க போவா?"

செயலாளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "எங்க அண்ணன் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன்" என்றார். "நான் இப்படின்னு தெரிஞ்சப்புறம், அப்பா செத்ததைக்கூட எனக்குச் சொல்லலை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

அண்ணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதோடு செயலாளர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தபோது அவர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. கவுன்சிலரை அழைப்பதென்றே முடிவானது.

அவள் எழுந்தாள். "அவர் மேடையில இருந்தா நான் ஊர்வலத்துல இல்லை. என்னைச் சொல்லலைன்னு நீங்க சொல்லலாம். லேப்ல என் பக்கத்து சீட்ல உக்காந்து வேலை செய்யறவளும் வெளிநாட்டுக்காரிதான், அவளுக்கு யார் சொல்வா?"

அவளோடு இன்னும் சிலரும் வெளியேறினார்கள். ஊர்வல நாளன்று அவர்கள் அடுத்த தெருவில் தனியாக, சின்னக் கும்பலாக நடந்தார்கள். திருப்பத்தில் ஒரு பஸ் அவர்களுக்காக நின்றது. ஓட்டியவர் அண்ணன்.

தங்கையோடு குடும்பம் நடத்தும் அந்தப் பெண் அவள் பக்கத்தில் வருவதை அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார்.

"நீதான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவளா?"

"ஆமாங்க."

"ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கயிறு அறுந்துட்டா நேரா கீழதானா?"

"அதெப்படி விழும்? வேகம் கூடினதுமே ரெண்டு பக்கமும் பிரேக் கவ்விப் பிடிச்சிக்கும்" என்று அந்தப் பெண் கைகளால் காட்டத் தொடங்கினாள்.

பின்னாலிருந்து ஒரு பயணி, "வண்டியை எடுப்பா!" என்று கத்தினார்.

"இருய்யா, கேட்டுக்கிட்டிருக்கேன்ல!" என்றார் அண்ணன்.