2B பென்சில் கீறிய தோட்டா

1

இந்தக் கதை என் வீட்டிலிருந்து போன ஒரு பெட்டியில் தொடங்குகிறது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையை மூடியபோது, அச்செழுத்து ஈயம் ஒரு பெட்டி எடுத்துவந்தேன். (இருபது வருடம் அதில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவன் நான்.) பக்கத்து வீட்டு டெல்ஃபீன் ஈயம் உருக்கித் தன் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா வார்ப்பவள். அவளிடம் கொடுத்து, கெட்டி ஈயம், நல்லது என்றேன்.

2

முதல் வரைவு: ‘மொன்டானாவின் பனிச்சரிவில் ஓர் அழகிய மான், தன்—’

வேண்டாம். மானை அழகாக்கினால் என் பங்கு மறைந்துவிடும்.

நடந்தது இது. போன நவம்பரில் சுட்டாள். பட்டது. ஈயம் மிகக் கெட்டி என்பதால் தோட்டா உள்ளே விரியாமல் ஊசிபோல் மறுபக்கம் போய்விட்டது. மான் ஓடியது. இரண்டு நாள் பனியில் தேடினாள், கிடைக்கவில்லை.

“இன்னொண்ணு இப்படி ஓடுச்சுன்னா துப்பாக்கிய வித்துடுவேன்” என்றாள். என்னைத் திட்டவில்லை. [திட்டியதாக எழுதிப் பார்த்தேன். எனக்குத்தான் ஆறுதலாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

3

இந்த செப்டம்பரில், ஈயத்தின் கெட்டியைக் கீறிப் பார்க்க என் பென்சில்களைக் கேட்டாள். வரைவை 2H-இலும் திருத்தத்தை 2B-யிலும் எழுதுவது என் வழக்கம். எல்லா அளவும் வைத்திருப்பேன்.*

அவள் கணவன் ஓரின் கார் கொட்டகை வாசலில் நின்று சிரித்தான். “என்னம்மா, தோட்டா வார்க்கிறியா, மானுக்கு லெட்டர் எழுதுறியா?”

“உன் மண்டையிலதான் முதல்ல கீறிப் பாத்தேன். எந்தப் பென்சிலும் இறங்கல.”

பழைய தோட்டாவில் 2H வந்தபிறகுதான் கீறல் விழுந்தது. பழைய தண்ணீர்க் குழாயின் ஈயத்தைக் கலந்து வார்த்த புதியதில் 2B-யே இறங்கியது.

“வெண்ணெய் மாதிரி இருக்கு” என்றான் ஓரின். “துப்பாக்கிக் குழலுக்குள்ளயே அப்பிக்கும். குறி தப்பும்.”

“வெடிமருந்தக் குறைச்சுட்டேன். கிட்டப் போய்ச் சுடுறேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீ என்ன சொல்ற?”

இங்கே கதைசொல்லி உறுதியான குரலில்—

இல்லை. எனக்குத் தெரியாது என்றேன். போன வருடமே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

“அப்பாடா, இதாவது உண்மை” என்று சிரித்தாள். 2B கீறியதையே வைத்துக்கொண்டாள்.

* மிக மென்மையான பென்சிலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீறவேண்டும். எது முதலில் இறங்குகிறதோ அதுவே ஈயத்தின் கெட்டி அளவு. B மென்மை, H கெட்டி.

4

இன்று வேட்டைக்காலத்தின் முதல் சனிக்கிழமை. விடியும்முன் மேலே போய்விட்டாள். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்களுடைய சரிவு. அங்கே வேறு யாரும் சுடமாட்டார்கள்.

முடிவு அ: ஒரே வெடி, மான் அங்கேயே விழுகிறது. முடிவு ஆ: குறி தப்பி, மான் காயமின்றிப் போகிறது, ஓரின் குளிர்காலம் முழுக்கக் கேலி செய்கிறான். முடிவு இ: காயத்தோடு ஓடுவதைப் பார்த்து அவள் அவசரமாக இரண்டாவது—

‘அ’வை 2H-இல் அழுத்தி எழுதினேன். பிறகு அழித்தேன். தெரியாததை உறுதியாகச் சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை.

இதோ, மேலே ஒரு வெடி.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது வருகிறதா, நீங்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.