திருகின் மேல் பொட்டு

கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் ஏற்றுகிற அறையில் பதினோரு வருஷமாக நிற்பவருக்கு ஆசிட் என்று பெயர் விழுந்திருந்தது. எந்தச் சட்டையைப் போட்டாலும் ஆறே மாதத்தில் சல்லடை. பேட்டரியைத் தொட்டே சூட்டைச் சொல்வார். மோந்தே நிறைந்துவிட்டது என்பார். அறைக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள் என்றதும், சாவி தன் இடுப்புக்குத்தான் என்று இருந்தார்.

கூடவே சகலையையும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மனைவியின் தங்கை புருஷன், சும்மா இருக்கிறான் பாவம் என்று மேனேஜரிடம் பல்லைக் காட்டிக் கேட்டது அவர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. வந்தவன் கழுத்தில் வோல்ட் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். அவன் பெயரே மீட்டர் ஆகிவிட்டது.

ஒருநாள் மூன்றாம் நம்பர் சார்ஜர் படுத்தது. ஆசிட் ஃபியூஸ் மாற்றினார், டப்பென்று போனது. இன்னொன்று போட்டார், அதுவும் போனது. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

“அண்ணே, ஃபியூஸ் போனா ஏன் போச்சுன்னு பாக்கணும்,” என்றான் மீட்டர். “தலைவலிக்குத் தலகாணிய மாத்துற மாதிரி மாத்திக்கிட்டே இருந்தா?”

வண்டி ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவன் மூடியைக் கழற்றி, மீட்டர் முனைகளை ஒவ்வொரு டையோடிலும் வைத்துப் பார்த்தான். ஒன்று மட்டும் எப்படி வைத்தாலும் பீப் அடித்தது. “இவன்தான் ஷார்ட்டு.” மாற்றியதும் சார்ஜர் உறுமி எழுந்தது. பிறகு குட்டித் திருகு ஒன்றைத் திருப்பி, இருபத்தெட்டு புள்ளி எட்டு வோல்ட் வந்தால் தானாக நிற்கும்படி செய்தான். எவனாவது கை வைத்தால் தெரியட்டும் என்று திருகின் தலையில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு.

மேனேஜர் அவன் தோளில் தட்டினார். தட்டு விழுந்தது அங்கே, வலித்தது ஆசிட்டுக்கு.

வீட்டிலும் அதே பேச்சு. “அவருக்குத்தான் சாவியாமே? தங்கச்சி சொன்னா,” என்றாள் மனைவி, நகத்துக்குப் பாலிஷ் போட்டபடி. “அவரு மூளைக்காரருங்க.”

“அப்ப என் தலையில என்ன, களிமண்ணா?”

“களிமண்ணுன்னா பானையாவது செய்யலாம்.”

தங்கை வீட்டில் வாங்கித் தந்த பாட்டில் அது. சிவப்பு. அதைப் பார்க்கப் பார்க்க ஆசிட்டுக்குள் ஒரு புத்தி முளைத்தது.

மறுநாள் சாயங்காலம் மீட்டர் டீக்குப் போன நேரம், மூடியைக் கழற்றிப் பொட்டைச் சுரண்டினார், திருகை அரைச் சுற்று திருப்பினார், சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்திருந்த மனைவியின் பாலிஷால் புதுப் பொட்டு வைத்தார். பேட்டரி விடிய விடிய நிற்காமல் ஏறும், தண்ணீர் வற்றும், மீட்டர் மூஞ்சியில் கொஞ்சம் கரி. அவ்வளவு போதும் அவருக்கு.

காலையில் இருவருமாக அறைக்கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. பேட்டரி சோற்றுப்பானை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மீட்டர் பதறி ஓடி, பேட்டரி கிளிப்பைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

“டேய், கிளிப்பத் தொடாதடா! ரூம் பூரா கேஸு! ஒரு பொறி போதும், ரெண்டு பேரையும் கூட்டி அள்ளணும்!”

மீட்டரின் கை அந்தரத்தில் நின்று நடுங்கியது. ஆசிட் வெளியே ஓடி, சுவரில் இருந்த மெயினை இறக்கினார். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தார்.

கத்தல் கேட்டு வந்த மேனேஜர், நாற்றம் அடங்கியபின் உள்ளே நுழைந்தார். “யாருய்யா இத செட் பண்ணது?”

மீட்டர் மூடியைக் கழற்றிக் குனிந்தான். ஜன்னல் வெளிச்சம் நேரே திருகின் மேல் விழுந்தது. அவன் வைத்த பொட்டு வெறும் சிவப்பு. இதில் ஜிகினாப் பொடி மினுமினுத்தது. நேற்றுச் சாயங்கால மங்கலில் ஆசிட்டின் கண்ணுக்குத் தப்பிய பொடி. அந்தப் பாட்டிலைக் கடையில் தேடி எடுத்ததே மீட்டர்தான். அவன் ஆசிட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

“நான்தான் சார். என் செட்டிங்குல தப்பு.”

“மீட்டர் இருந்தாப் போதுமா? பெரியவர் கத்தலேன்னா என்ன ஆயிருக்கும்!” மேனேஜர் சாவியை ஆசிட்டின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பதினோரு வருஷம் ஏங்கிய சாவி. இனிக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் இவனை வெறுத்துத் தொலைத்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. மூளையில் ஜெயித்தவன் இதிலும் ஜெயித்துவிட்டான், பாவி.

பேட்டரி ஆறியபின் மீட்டர் திருகைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான்.

“அண்ணே, சீல் வெக்கணும். பாட்டிலு உங்க சாப்பாட்டுப் பையிலதான கெடக்கு?”

கிடந்தது. ஆசிட் எடுத்துக் கொடுத்தார். காலையில் நடுங்கிய அந்தக் கை, இப்போது துளியும் பிசகாமல் திருகின் தலையில் பொட்டு வைத்தது. அதையும் அவர் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றார்.