றூபனின் பெயருக்கு நேரே பதினான்கு பிழை

அன்றைய ஞாயிறு பூசையில் கிளடிஸ் ஒரு செபத்தையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வாய் சொன்னது, மனமோ அமிர்தநாதரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் முழந்தாளில் நின்ற அந்த மனிதரின் பிடரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றி எரிந்தது. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் அவர் திரும்பிக் கையை நீட்டினார். அவள் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

முதல்நாள் பின்னேரம் அமிர்தநாதரின் மனைவி வேரோனிக்கா தொலைபேசி எடுத்திருந்தாள்.

“இவர் நாளைக்குக் கூட்டத்தில உன்ர மனுசனை ரீமால தூக்கிப்போடப் போறார். அஜின்கோர்ட்டில ஆரோ உயரமான பெடியனாம், அவனைப் போடப் போறாராம். நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதை.”

மோர்னிங்சைட் தமிழ்க் கத்தோலிக்கரின் பேஸ்போல் குழு அந்த வருடந்தான் தொடங்கியது. புளூ ஜேய்ஸ் அணி இரண்டு வருடம் அடுத்தடுத்து உலகத் தொடரை வென்றபின், ஸ்காபரோவில் அந்த விளையாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே இல்லை. சனிக்கிழமைகளில் கோயில் பங்குகளுக்கிடையே போட்டி நடந்தது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அமிர்தநாதர்தான் மனேஜர். கிளடிஸ் ஸ்கோர் எழுதினாள்; பிடிக்கவோ எறியவோ தவறியவரின் பெயருக்கு நேரே பிழை போடுவதும் அவள்தான். அவளுடைய கணவன் றூபன் முதல் பேஸில் நின்றான். பந்தை யார் பொறுக்கினாலும் அங்கேதான் எறிவார்கள். அவன் பிடித்தால் ஓடி வருபவன் அவுட், விட்டால் தப்பிவிடுவான்.

பூசை முடிந்து எல்லோரும் கோயிலின் கீழ் மண்டபத்துக்கு இறங்கினார்கள். யூஜினி சுட்டுக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டுத் தட்டாகச் சுற்றியது. அமிர்தநாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை விரித்தார்.

“எட்டு மட்ச். வெண்டது ஒண்டு. அதுவும் போர்த்துக்கீசப் பங்குக்காரருக்கு அண்டைக்குக் கலியாண வீடு, ஆக்கள் வரேல்லை. விளையாடி வெண்டது ஒண்டுமில்லை.”

பின்வரிசையில் யாரோ, “வெற்றி வெற்றிதானே அண்ணை,” என்றான்.

“பொத்தும் வாயை. ஒருத்தர் அடிச்சுப்போட்டு அப்பிடியே நிக்கிறார். ஏன் ஓடேல்லை எண்டால், பந்து நேரை ஆளிட்டைப் போகுது, ரன் இல்லையாம். ஐயா, இது கிரிக்கெட் இல்லை! அடிச்சால் ஓடத்தான் வேணும். இன்னொருத்தர் ஓடினார். மட்டையையும் கொண்டு ஓடினார். ஓடிப்போய் பேஸில மட்டையை ஊண்டிப்போட்டு அம்பயரைப் பாக்கிறார்!”

மண்டபம் சிரித்தது. கிளடிஸ் சிரிக்கவில்லை. வரப்போவது அவளுக்குத் தெரியும்.

“சிரியுங்கோ. இனிச் சிரிப்பு வராது.” அவர் ஸ்கோர்ப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “இருபத்தாறு பிழை விட்டிருக்கிறம். அதில பதினாலு ஒராளின்ரை. றூபன், குறை நினையாதை, முதல் பேஸுக்கு அஜின்கோர்ட்டில ஒரு பெடியனைப் பாத்து வைச்சிருக்கிறன். என்ர வேலையிடத்தில ஒரு மெசின் இப்பிடிச் சாமான் தள்ளினால், நாங்கள் அதை நிப்பாட்டிப்போடுவம்.”

“என்ர மனுசன் மெசினோ?” கிளடிஸ் எழுந்துவிட்டாள்.

“தங்கச்சி, கோவப்படாதையும். இது என்ர கதை இல்லை. நீர் எழுதினது. சொந்தப் புருசனுக்கு நீர் கூட்டி எழுதுவீரோ?”

அவளுக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. ஏனென்றால் அவள் கூட்டித்தான் எழுதியிருந்தாள்.

முதல் ஆட்டத்தன்று யூஜினி வேடிக்கையாகச் சொன்ன சொல்தான் காரணம்: “புருசன் விளையாட, பெண்சாதி ஸ்கோர் எழுதிறா. இனி உவருக்கு எங்கை பிழை வரப்போகுது?” எல்லோரும் சிரித்தார்கள். கிளடிஸுக்கு அது முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து சந்தேகமான ஒவ்வொரு பந்தையும் அவள் றூபனின் பெயருக்கு நேரே எழுதினாள். சந்தேகம் இல்லாதவற்றையும் எழுதினாள். மூன்றாம் பேஸிலிருந்து வருகிற எறி, றூபனுக்கு இரண்டு ஆள் தூரம் முன்னாலேயே நிலத்தில் குத்திச் சிதறும். அது எறிந்தவரின் பிழை. ஆனால் றூபன் உடனே தன் கையைத் தூக்கிவிடுவான், தன்னுடையது என்று. அவன் தூக்குவான், அவள் எழுதுவாள். ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுக்காரனுக்கு அநியாயம் செய்துவிட்டு அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தாள்.

“அந்தப் புத்தகத்தை இஞ்சை தாங்கோ,” என்றாள். அமிர்தநாதர்மேல் வந்த கோபம் எப்போது தன்மேல் திரும்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. “இதில பதினாலில பத்துப் பொய். நான்தான் எழுதினது. ஆக்கள் கதைப்பினம் எண்டு பயந்து எழுதினது.”

“ஆர் கதைச்சது?” என்றாள் யூஜினி.

“நீங்கள்தான் அக்கா.”

“நானோ? அம்மாளாணை, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!”

அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அந்தப் பத்தும் ஆற்றை?”

றூபன் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம். மண்டபத்தின் மூலையில் அருள்நாயகம் கடிக்காத ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் பேஸில் நிற்பவர் அவர். மனைவி இறந்தபின் ஏழு மாதம் அப்பார்ட்மென்ட் கதவைத் திறக்காதவர். சனிக்கிழமை தோறும் றூபன்தான் போய், தட்டித் தட்டி, காரில் ஏற்றி வருவான். கிளடிஸுக்கு இப்போது கணவன்மேலும் ஆத்திரம் வந்தது.

“என்ர பிழையைச் சொல்ல எழும்பினனான்,” என்றாள். “மற்றாக்களின்ரையை நான் சொல்லமாட்டன்.”

பிறகு மூலையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

“என்ரை, அமிர்தம்,” என்றார் அருள்நாயகம். “என்ர தோள் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. பந்து குத்தித்தான் போகுது. உவன் ஒவ்வொருக்காலும் கையைத் தூக்குவான். நான் பாத்துக்கொண்டு பேசாமல் நிண்டனான். வாய் திறந்தால் வீட்டை போகச் சொல்லிப்போடுவியள் எண்டு பயம்.”

அமிர்தநாதர் தன் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

“இருங்கோ அண்ணை. ரோல்ஸ் ஆறுது, சாப்பிடுங்கோ.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “முதல் பேஸில நிக்கிற ஆளுக்கு எறியிற வேலை குறைவு. பிடிச்சால் காணும். உங்களுக்குக் கையும் நீளம், இனி அங்கை நில்லுங்கோ. றூபன், நீ மூண்டாம் பேஸுக்குப் போ.”

“அப்ப அஜின்கோர்ட்டுப் பெடியன்?” என்றது பின்வரிசை.

“அவனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.”

மனிதர் கெட்டவரல்ல. தோல்வி அவரையும் ஏழு சனிக்கிழமை நித்திரை கொள்ள விடவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கிளடிஸ் வெடித்தாள். “உங்களுக்கு நல்லவன் எண்ட பேர். எனக்குப் பொய்க்காரி எண்ட பேர். என்ன?”

“நீர் எழுதுவீர் எண்டு நான் நினைக்கேல்லை,” என்றான் றூபன்.

“பின்னை எதுக்குக் கையைத் தூக்கினீங்கள்?”

“அந்த மனிசன் கிழமையில ஒருநாள்தான் சவரம் செய்யுது, கிளடிஸ். சனிக்கிழமையில. அதுவும் நிண்டுபோடும் எண்டு பயந்தனான்.”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோர்னிங்சைட் வீதியில் மூன்றாவது சிக்னலில் கார் நின்றபோது திரும்பினாள். “என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்.”

அடுத்த சனிக்கிழமையும் தோற்றார்கள். ஆனாலும் அடித்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள்; மட்டையை ஒருவரும் கொண்டுபோகவில்லை. ஐந்தாம் இன்னிங்ஸில் றூபன் மூன்றாம் பேஸிலிருந்து ஒரு பந்தைப் பொறுக்கி, வேகம் மிஞ்சி, வேலிக்கு அப்பால் எறிந்தான். முதல் பேஸில் நின்ற அருள்நாயகம் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. உடனே திரும்பி, சவரம் செய்த முகம் முழுக்கச் சிரிப்போடு, தன் கையை உயரத் தூக்கினார்.

கிளடிஸ் மர வாங்கிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“அருள்நாயகம் அண்ணை! கையை இறக்குங்கோ!”

இரண்டு பக்கத்து ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கினார். அவள் உட்கார்ந்து, றூபனின் பெயருக்கு நேரே, அழுத்தி, மிகவும் அழுத்தி, ஒரு பிழை எழுதினாள். பென்சில் முனை முறிந்தது.

பின்னாலிருந்து அமிர்தநாதர் கூராக்கிய ஒரு பென்சிலை நீட்டினார். இம்முறை அவள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.